துண்டைக் கட்டிக்கொண்டு கேட்டால்

அப்புச்சியின் வயலின் கோபியில் மாமா வீட்டு பீரோ மேல் இருக்கிறது. யாராவது எடுத்து வாசித்தால் போதும், "பழைய மரம்ங்க, நாதமே தனி" என்பார் மாமா. நானும் இருபது வருடமாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன பொங்கலுக்கு அக்கா மகள் தன் வயலினோடு வந்தாள். கோயமுத்தூரில் வாங்கியது, மூன்று வருடம்கூட ஆகவில்லை. மாமாவைத் திண்ணையில் உட்காரவைத்துக் கண்ணைத் துண்டால் கட்டினோம். இரண்டையும் ஒரே சுருதியில் சேர்த்து, இரண்டிலும் அதே மோகன வர்ணத்தை வாசித்தாள். "ரெண்டாவதுதான் எங்கப்பாது" என்றார். அது அவளுடையது. மறுபடி வாசிக்கச் சொன்னார். வரிசையை மாற்றி வாசித்தாள். மறுபடியும் அவளுடையதைத்தான் சொன்னார். துண்டை அவிழ்த்ததும் தந்தி முறுக்கும் பிருடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தந்தி பழசாயிருச்சாட்ட இருக்குது" என்றார்.

மாமாவைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை கிடையாது. 1977இல் பிபிசி வானொலியில் உலகப் புகழ் வயலின் கலைஞர்களான ஐசக் ஸ்டெர்ன், பிங்காஸ் சூக்கர்மன், லண்டன் வயலின் வியாபாரி சார்லஸ் பேர் மூன்று பேரையும் உட்காரவைத்து, திரைக்குப் பின்னால் நான்கு வயலின்களை வாசித்துக் காட்டினார்கள். ஒன்று ஸ்ட்ராடிவேரியஸ், அதாவது அந்தக் காலத்தில் இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி செய்த பேர்போன வயலின்; இன்னொன்று செய்து ஒரு வருடமே ஆனது. ஒருவராலும் இரண்டுக்கு மேல் சரியாகச் சொல்ல முடியவில்லை. வயலினிலேயே வாழ்ந்தவர்கள் கதையே இது!

அப்புறம் 2010இல் ஒலி ஆராய்ச்சியாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் வயலின் செய்பவரான ஜோசப் கர்டினும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஓட்டல் அறையில் வெளிச்சத்தைக் குறைத்து, 21 கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பழையதும் புதியதுமாக வயலின்களை வாசிக்கக் கொடுத்தார்கள். பழைய மரத்தின் வாடை காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தாடை படும் இடத்தில் சென்ட் தடவியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதை வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள் என்று கேட்டதற்கு 13 பேர் புதியதைக் காட்டினார்கள். கடைசி இடத்துக்குப் போனது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ்.

"வாசிக்கிறவன் காதில் அப்படித்தான் கேட்கும், அரங்கில் உட்கார்ந்து கேட்டால் தெரியும்" என்று ஒரு வாதம் உண்டு. அதையும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் அரங்கில் ரசிகர்களை வைத்தே பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். புதியவைதான் நன்றாக எட்டிக் கேட்டன, ரசிகர்களுக்குப் பிடித்ததும் அவைதான்.

இதை வைத்துப் பழையதெல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சோதித்தது சில வயலின்களை மட்டுமே. அதுவும் மேற்கத்திய பாணியில். நாம் ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து, தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றிக் கமகம் இழுக்கிறோம். அது வேறு கணக்கு. ஆனால் நம் ஊர்க் கோயில் கச்சேரியில் பிக்கப் மாட்டி, ஸ்பீக்கர் வழியாக அலறவிட்டுவிட்டு "ஆஹா, பழைய மரம்" என்று சொக்குகிறோமே, அங்கே கேட்பது மரமா, மைக்செட்டா?

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலையை மறைப்பார்கள். மாட்டை மறைக்க மாட்டார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். வயலினில் தலைகீழ். வயசும் விலையும் முதலில் வந்துவிடும், காது பின்னாலேயே ஓடும். 2011இல் 'லேடி பிளண்ட்' என்ற ஸ்ட்ராடிவேரியஸ் 1.59 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்தக் காசு சரித்திரத்துக்கு என்றால் சரி, தாராளமாகக் கொடுக்கட்டும். நாதத்துக்கு என்று சொல்லாதீர்கள்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், அக்கா மகளிடம் ஒரு வாத்தியார், "புதுசுல நாதம் வராது, எண்பதாயிரத்துக்குப் பழசு ஒண்ணு இருக்குது, வாங்கிக்க" என்றாராம். பிள்ளை ஒரு மாதம் வயலினையே தொடவில்லை. அந்தத் துண்டுச் சோதனைக்குப் பிறகுதான் மறுபடி எடுத்தாள்.

மாமா இன்னும் தந்தி மாற்றவில்லை. மாற்றிவிட்டால் சாக்கு போய்விடும் என்று நினைக்கிறாரோ என்னவோ.