நீர்க்குழந்தைகள்

டோக்கியோ டவருக்குப் பக்கத்தில் ஸோஜோஜி என்று ஒரு பௌத்தக் கோயில். அங்கே வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டிக் கற்சிலைகள். தலையில் சிவப்புக் கம்பளிக் குல்லா, பக்கத்தில் காற்றாடி. நான் போன அன்று அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, ஒரு சிலையின் பழைய குல்லாவைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டார். காது மூடியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார். பனிக்காலத்தில் கைக்குழந்தைக்குப் போட்டுவிடுவோமே, அப்படியேதான்.

அந்தச் சிலைகள் ஜிசோ. க்ஷிதிகர்ப்பர் என்கிற போதிசத்துவர், பிறக்காமல் போன பிள்ளைகளின் காவலர். கரு தானாகக் கலைந்தாலும் கலைத்தாலும் ஜப்பானியருக்கு அது 'மிசுகோ', நீர்க்குழந்தை. 1948-இல் அங்கே கருக்கலைப்புச் சட்டபூர்வமானது. 1970-களில் மிசுகோவுக்கான வழிபாடு நாடெங்கும் பரவியது.

பௌத்தம் இதை லேசாக எடுத்துக்கொள்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தாய் வயிற்றில் முதல் உணர்வு தோன்றியதுமே அது மனித உயிர் என்கிறது பிக்குகளுக்கான ஒழுக்க விதிநூலான விநய பிடகம். கருவைக் கலைக்க மருந்து கொடுத்து அது கலைந்தால், கொடுத்த பிக்குவுக்குச் சங்கத்தில் இடமே கிடையாது. நானும் அதை உயிர் என்றுதான் நம்புகிறேன். ஆனால் 'எண்ணத்தையே வினை என்கிறேன்' என்றவரும் அதே புத்தர்தான். மூன்று பிள்ளைகளுக்கே சோறு போட முடியாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறவளின் மனதில் இருப்பது வெறுப்பா?

உயிர் என்றால் அவள் கொலைகாரி, அவள் பாவம் என்றால் அது வெறும் சதைப்பிண்டம் என்று இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கிறோம். குல்லா போட்ட அந்த அம்மாவிடம் இப்படிக் கேட்க எனக்கு வாய் வராது.

ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. கலைத்த கரு சாபம் விடும், குடும்பத்தைப் பிடித்து ஆட்டும் என்று பயமுறுத்திப் பணம் பிடுங்கிய கோயில்களும் அங்கே உண்டு. அழுகிறவளிடம் போய்க் காசு பார்ப்பதா? ஜோடோ ஷின்ஷூ என்கிற ஜப்பானியப் பௌத்தப் பிரிவினர் இந்தச் சடங்கையே ஏற்பதில்லை. அவர்கள் கோபம் நியாயம்தான்.

ஊருக்கு வந்ததும் சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரு கரு கலைக்கப்பட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் சாப்பிட மாட்டார். ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

நான் காட்டிய சிலைகளின் போட்டோவைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அந்தக் குல்லாவை யாரு வேணும்னாலும் போடலாமாடா?"