நாய்க்கு ஒரு ஸ்கேன் எடுத்தாலே புற்றுநோய் உறுதியா?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. நாயின் சிறுநீரில் ரத்தம் வந்தால் அல்ட்ராசவுண்ட் ஒன்றே போதுமாம். சிறுநீர்ப்பையில் கட்டி தெரிந்தால் புற்றுநோய், ஊசி போட்டுக் கொன்றுவிடலாமாம். தெரியாவிட்டால் கவலையே வேண்டாம் என்கிறது. இரண்டும் தவறு.

ஸ்கேன் தேவைதான். கட்டி எங்கே, எவ்வளவு பெரிது, சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கிறதா என்பதையெல்லாம் காட்டும். ஆனால் அது என்ன கட்டி என்று சொல்லாது. நாள்பட்ட அழற்சியில் வளரும் சதையும், உறைந்த ரத்தமும் திரையில் கட்டி போலவே தெரியும். சிறுநீர்ப்பை காலியாக இருந்தால் நல்ல சுவர்கூடத் தடித்துத் தெரியும். அதனால் ஸ்கேனுக்கு முன் நாயைச் சிறுநீர் கழிக்க விடாமல் அழைத்துப் போவது நல்லது. பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாய் இடுப்பெலும்புக்குள் ஓடும் பகுதியோ சரியாகத் தெரியாது. அங்கேயும் இந்தப் புற்றுநோய் வரும்.

உறுதி செய்வது திசு அல்லது செல் பரிசோதனை. வயிற்றின் வழியே ஊசி குத்தி எடுப்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள், அந்த வழியில் புற்றுசெல் பரவலாம். சிறுநீர் வரும் வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாய் மூலமோ, உள்நோக்கி (எண்டோஸ்கோப்) மூலமோ எடுப்பார்கள். சிறுநீரில் பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தைத் தேடும் சோதனையும் உண்டு. அதில் இல்லையென்று வந்தாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது.

சிறுநீரில் ரத்தம் வர கல்லோ கிருமித்தொற்றோகூடக் காரணமாகலாம். அதற்காகவா நாயைக் கொல்வது? சந்தேகமிருந்தால் திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். மெர்க் கால்நடைக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்தச் செய்தியை மட்டும் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.