படம் மட்டும் போதாது
கைபேசிப் படங்களே போதும், எந்த வண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்வீடனின் வரைபடம் நிறைந்துவிடும் என்கிறது இந்தக் கட்டுரை. ஏழு புள்ளிப் பொறிவண்டுக்கு அது சரி. அத்தேட்டா என்ற பேரினத்து வண்டுகளை என்ன செய்வது? இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், பெரும்பாலும் கறுப்பு. ஆண் வண்டின் பிறப்புறுப்பை ஊசிமுனையால் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பல இனங்கள் பிடிபடும். ஒரே வண்டோடு மாலைப்பொழுது முழுக்கப் போராடியிருக்கிறேன். ஸ்வீடனில் 2003இல் தொடங்கிய மலேஸ் பொறித் திட்டத்தில், கூடாரம் போன்ற வலைகளில் சுமார் 2 கோடி பூச்சிகள் சிக்கின. வகைபிரிக்கவே பல ஆண்டுகள் ஆயின. அப்புறம், வரைபடத்தில் புள்ளிகள் நெருக்கமாக விழுவது ஆட்கள் அதிகம் தேடும் இடங்களில்தான். வடக்கே காலியாகத் தெரிந்தால் வண்டே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பிடித்த வண்டை என்ன செய்வது என்று மேலே ஒருவர் கேட்டிருந்தார். என் பதில்: மாதிரியைப் பத்திரப்படுத்தி, இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் கூடவே வையுங்கள், பின்னால் வேறொருவர் சரிபார்க்க அதுதான் உதவும்.