எண்ணெய் போட்டாச்சு என்றால் வண்டியை நகர்த்துங்கள்!

பள்ளி விடுமுறை விட்டால் போதும், போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிற வண்டிகள் ரந்தாவ், சிலியாவ் பக்கத்து பெட்ரோல் எண்ணெய் ஸ்டேஷன்களை அடைத்துக்கொள்கின்றன. மைகார்ட் அடையாள அட்டையைச் செருகி, காசு கட்டி, நாற்பது லிட்டர் போட்டாலும் ஐந்து நிமிட வேலை. அதற்கப்புறம் ஏன் பம்ப் பக்கத்திலேயே வண்டியைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஐஸ் வாங்கப் போகிறீர்கள்? பின்னால் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்குப் போகிற மோட்டார்கள் நிற்பது கண்ணில் படவில்லையா? கப்சாய் என்கிற அந்தச் சின்ன மோட்டார்களின் டாங்க் நாலு லிட்டர்தான், அடிக்கடி போட்டாக வேண்டும். லாரி வந்து நிலத்தடித் தொட்டியில் எண்ணெய் இறக்கினால் பம்பும் நின்றுவிடலாம். ஏர்கோன் ஓட வரிசையில் நிற்கிற கார்களோ நின்ற இடத்திலேயே மணிக்கு ஒரு லிட்டர் வரை எரிக்கின்றன.

இவ்வளவு எரித்துக் கடலுக்குப் போனால், அங்கேயும் வேலி! தேசிய நிலச் சட்டப்படி, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் கடல் ஏறி நிற்கும் கோட்டுக்கும் இறங்கி நிற்கும் கோட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் முன்கரை. யாருக்கும் எழுதிக்கொடுக்காதவரை அது மாநில நிலம். ஆனால் சில இடங்களில் சாலையிலிருந்து அங்கே இறங்கும் பாதை ஹோட்டல் வளாகத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஏறிவிட்டால் கரையோரமாகச் சுற்றிப் போகவும் முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் எந்த வழியாகத்தான் கடலில் இறங்குவார்கள்?