லாஸ் வேகாஸ் மட்டும் அமெரிக்கா இல்லை
குத்துச்சண்டை அரங்குகளில் பிரிட்டிஷ் ரசிகர்கள் பாடுவார்கள், அமெரிக்கர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வது லாஸ் வேகாஸை மட்டும் பார்த்து எழுதியது போல இருக்கிறது. அங்கே நல்ல இருக்கைகள் பலவும் சூதாட்ட விடுதிகளின் பணக்கார வாடிக்கையாளர்களுக்குப் போய்விடும். முதலில் நடக்கும் சின்னச் சண்டைகளுக்குக் காலி நாற்காலிகள்தான் பார்வையாளர்கள். 2007 டிசம்பரில் அதே ஊரில் அமெரிக்க வீரர் மேவெதரிடம் 10-ஆவது சுற்றில் பிரிட்டிஷ் வீரர் ரிக்கி ஹேட்டன் தோற்றார். அன்று ஹேட்டனின் ரசிகர்கள் 'ஒரே ஒரு ரிக்கி ஹேட்டன்தான்' என்று பழைய கிறிஸ்துமஸ் பாட்டு மெட்டில் அரங்கையே அதிரவைத்தார்கள், சரி. (அமெரிக்க தேசிய கீதத்துக்கு அவர்கள் ஊளையிட்டதைக் கட்டுரை ஏனோ விட்டுவிட்டது.) ஆனால் அதே ஆண்டு ஜூனில், நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் ஆண்டுதோறும் நடத்தும் அணிவகுப்புக்கு முந்தின இரவு, அந்த ஊரின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் போர்ட்டோ ரிக்கோ வீரர் மிகேல் கோட்டோ அமெரிக்கர் ஸாப் ஜூடாவோடு மோதிய பதிவைப் பாருங்கள்: கோட்டோவின் குத்து ஒவ்வொன்றுக்கும் கூரை பெயர்கிற சத்தம். 2014-இல் அமெரிக்க வீரர் டெரன்ஸ் கிராஃபோர்ட் தன் சொந்த ஊர் ஒமாஹாவில் கியூபா வீரர் கம்போவாவை வீழ்த்தியபோதும் அப்படித்தான். வித்தியாசம் பாடுவதில்தான், அது பிரிட்டனின் கால்பந்து மைதானத்திலிருந்து வந்த பழக்கம். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் 'எல்லாம் பீர் செய்யும் வேலை' என்கிறார். பீர் இரண்டு நாட்டிலும்தான் ஓடுகிறது.