பையனுக்குத் தூக்கம் வரவில்லையாம்

இங்கே அமெரிக்காவில், நம்ம பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் போர்டு மீட்டிங் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மைக்கைப் பிடித்தவர் நம்ம தமிழ் ஆள்தான். எலெய்ன் படுகொலையை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் அவர் பையனுக்குத் தூக்கம் வரவில்லையாம். பாடத்தையே எடுத்துவிட வேண்டுமாம். பின்வரிசையில் நம்மவர்கள் கைதட்டல் வேறு.

அப்படி என்ன பாடம்? 1919 செப்டம்பர் 30 ராத்திரி, அர்கன்சா மாநிலத்தில் எலெய்ன் ஊர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தில் கறுப்பின விவசாயிகள் சங்கக் கூட்டம் போட்டார்கள். வெள்ளை முதலாளிகளின் நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் வைப்பவர்கள். பருத்திக்கு நியாயமான விலை கொடு, கணக்கைக் காட்டு. கேட்டது இவ்வளவுதான். வெளியே துப்பாக்கிச் சூடு, ஒரு வெள்ளையர் சாவு. உடனே ‘கறுப்பர் கலகம்’ என்று கிளப்பிவிட்டார்கள். கும்பல் வந்தது, ராணுவமும் வந்தது. செத்த வெள்ளையர்கள் 5 பேர். செத்த கறுப்பர்களை ஒழுங்காக எண்ணக்கூட ஆளில்லை. நூற்றுக்கு மேல் என்பார்கள், இருநூறு என்பார்கள். தூக்குத் தண்டனை மட்டும் 12 கறுப்பர்களுக்கு! வழக்குகள் மேல் நீதிமன்றங்கள் வரை போய்த்தான் அந்த 12 உயிரும் தப்பியது.

விலை கேட்டான், சுட்டார்கள். இதில் நிறத்தை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கூலியை விட்டுவிட்டு நிறத்தை மட்டும்?

ஒரு கோடை விடுமுறையில் மெம்பிஸ் போயிருந்தோம். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டல் இப்போது அருங்காட்சியகம். “அவர் இந்த ஊருக்கு எதுக்கும்மா வந்தார்?” என்றாள் மகள். கூட வந்த நண்பர், “ஏதோ மீட்டிங்டா” என்றார். ஏதோ மீட்டிங்! 1968 பிப்ரவரி 1, மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் இருவரையும் குப்பை அமுக்கும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்காகத்தான் வந்தார் கிங், ஏப்ரல் 4 அங்கேயே செத்தார். என் மகளும் இதையெல்லாம் படித்தாள். நன்றாகத்தான் தூங்கினாள். காலையில், “நம்ம தெருவுல குப்பை எடுக்க வர்றவருக்கு யூனியன் இருக்கா?” என்று கேட்டாள். கிங்கின் ‘எனக்கொரு கனவு’ உரையோடு மட்டும் அவள் நின்றிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா? அந்த உரை நடந்த 1963 பேரணியின் பெயரிலேயே ‘வேலை’ இருக்கிறது. வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி.

“வெள்ளைக்காரப் பிள்ளைகள் மனசு புண்படும்” என்கிறார் ஒருவர். சரிங்க, மருந்து போடுவோம். “நீங்க கம்யூனிஸ்ட்டா?” என்கிறார் இன்னொருவர். ஆமாங்க, வீட்டுக் கடன் கட்டும் கம்யூனிஸ்ட்.

“சங்கம் சங்கம்னு பேசுறீங்களே, தொழிலாளிகள் மட்டும் யோக்கியமா?” இது நியாயமான கேள்வி. 1907-ல் வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாம் மர ஆலைகளில் இருந்த பஞ்சாபிகளை அடித்து விரட்டியவர்கள் வெள்ளைத் தொழிலாளிகள்தான். கூலியைக் கெடுக்க வந்தவர்கள் என்பதுதான் நம்மாட்கள் மேல் குற்றச்சாட்டு. அதையும் பாடத்தில் வையுங்கள் என்கிறேன்.

“அக்கா, நாம வந்தேறிங்க, நமக்கெதுக்கு?” என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு வழிவிட்ட 1965 குடியேற்றச் சட்டம் வந்திராவிட்டால் நீயும் நானும் இங்கே எந்த வரிசையில் நின்றிருப்போம் தம்பி? சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கி அடிவாங்கிய கறுப்பர்கள் உண்டாக்கிய காலம் அது. அவர்கள் திறந்த கதவு வழியாக வந்துவிட்டு, அவர்கள் பிணக்கணக்கைப் பாடத்திலிருந்து அழிக்க மைக் பிடிக்கிறோம்.

எனக்கு எரிவது இதுதான். மீட்டிங்கில் பேசிய அதே மனிதர் டிசம்பர் 25 வந்தால் கீழ்வெண்மணிக்கு அஞ்சலிப் பதிவு போடுவார். நானும் இதயம் போட்டிருக்கிறேன். நாகப்பட்டினத்தில் கூலி கேட்டுச் செத்தால் தியாகி, அர்கன்சாவில் செத்தால் பையன் தூக்கம் கெடுகிறதா சார்?

அடுத்த மீட்டிங்கில் பேச நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். கைதட்டியவர்களும் வரலாம், முன்வரிசை காலியாகத்தான் இருக்கும்.