தூண்டுதல் மட்டுமே காரணம் அன்று
பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் இந்தியப் படைக்குள் எழுந்த கலகங்கள் அனைத்துக்கும் வெளியாரின் அரசியல் தூண்டுதலே காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் எழுச்சி வெடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே, புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்கள் இங்கே எங்கள் ராயபுரத்துக்குத் தெற்கே இருக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, அவர்களில் இருவர் கசையடி பட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தத் தலைப்பாகையைப் புகுத்தி, நெற்றிக்குறியையும் காதணியையும் தாடியையும் விலக்கிய ஆணையைப் பற்றிய மனக்குமுறலை அப்போது யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. திப்பு சுல்தானின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் கும்பினியே, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியே, பின்னர் அந்த ஆணையைக் கைவிட்டு, ஆளுநர் வில்லியம் பென்டிங்கையும் தலைமைத் தளபதி கிரடாக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டது என்றால், தவறு எங்கே நடந்தது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது என்றுதானே பொருள்? 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தின் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோதும், மோசமான உணவும் அதிகாரியின் இழிசொல்லுமே முதல் பொறியாக இருந்தன. அக்காலத்தில் கடற்படையில் பணியாற்றிய என் தாத்தா, கடைசிவரை, பருப்பை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக் கல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சோற்றைப் பிசைவார். கட்டுரையில் 1930 ஏப்ரல் 23 இடம்பெறாததும் பெருங்குறை: பெஷாவரில் ஆயுதமற்ற மக்களைச் சுட மறுத்த பிரிட்டிஷ் இந்தியப் படைவீரர் சந்திர சிங் கட்வாலியும் அவருடைய வீரர்களும் அதற்காகச் சிறை சென்றார்கள்.